கலரில் மாத்திரை போடலாமா?

போன சித்திரையில் ஒரு கல்யாண வீடு. அடுப்படியிலிருந்து வெளியே வந்த சித்திக்குத் தலை பிளக்கிற வலி. கைப்பையில் மாத்திரை இருந்தது. தண்ணீர் கேன்தான் காலி. பக்கத்திலேயே பெட்டி பெட்டியாகக் கலர் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. "இதுலயே போட்டுக்கவா?" என்று ஒன்றை எடுத்தார்.

அவ்வளவுதான், மூன்று பேர் ஓடி வந்துவிட்டார்கள். கோலாவில் தலைவலி மாத்திரை போட்டால் சாராயம் மாதிரி ஏறும் என்றார் ஒருவர். காஸ் கிளம்பி வயிறு வெடித்துவிடும் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் எப்போதோ ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவராம். "ஒண்ணும் ஆகாது, தாராளமா போடுங்க" என்று கையை வீசினார். சித்தி குழம்பிப்போய் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பேரில் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தவர் மூன்றாமவர். ஆனால் அவர் உட்பட யாருமே, "அது என்ன மாத்திரை?" என்று கேட்கவில்லை. "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்றும் கேட்கவில்லை. குளிர்பானமும் வலி மாத்திரையும் சேரலாமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

சாராயம் ஏறும் கதை

முதலில் இதை முடித்துவிடலாம். கோலாவும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் போதை வரும் என்பது நம்மூர்க் கதை அல்ல, அமெரிக்க இறக்குமதி. 1930களிலேயே இல்லினாய் மாநில மருத்துவர் ஒருவர், வாலிபப் பிள்ளைகள் ஆஸ்பிரினைக் கோலாவில் கரைத்துப் போதைக்காகக் குடிக்கிறார்கள் என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கதை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி நம் கல்யாண வீடு வரைக்கும் வந்துவிட்டது. போதை எதுவும் வராது. வேண்டுமானால் ஏப்பம் வரும்.

வேடிக்கை என்னவென்றால், கோலாவே பிறந்தபோது ஒரு தலைவலி மருந்துதான். 1886இல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்டன் என்ற மருந்தாளர் அந்தப் பாகைக் காய்ச்சினார். மருந்துக்கடையில் சோடா கலந்து ஒரு கிளாஸ் 5 சென்டுக்கு விற்றது. தலைவலி, நரம்புத் தளர்ச்சி, களைப்பு எல்லாவற்றுக்கும் நல்லது என்று விளம்பரமும் செய்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆஸ்பிரினும் கஃபீனும் கலந்த தலைவலிப் பொடிகள் இன்றும் கிடைக்கின்றன. அந்தப் பொடியை நாக்கில் தட்டிக்கொண்டு மேலே கோலா குடிப்பது அங்கே தாத்தா காலத்துப் பழக்கம். நம்மூரில் சுக்குக் காப்பி இருக்கிற இடத்தில் அவர்களுக்கு அது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

சரி, போதை இல்லை. வேறு ஏதாவது ரசாயனச் சண்டை நடக்குமா?

கோலா நல்ல புளிப்பான திரவம். சர்க்கரை அதை மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரிவதில்லை. அமில அளவைச் சொல்லும் பி.எச். எண் கோலாவுக்குச் சுமார் 2.5, ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு அளவு. இதைக் கேட்டவுடன் மாத்திரை அரிக்கப்பட்டு வீணாகிவிடும் என்று பயப்படத் தோன்றும். ஆனால் வெறும் வயிற்றில் நம் இரைப்பையின் அமிலம் இதைவிடக் கடுமையானது. அந்த அமிலக் குளத்தில் விழுந்து பிழைக்கிற மாதிரிதான் மாத்திரையைத் தயாரிக்கிறார்கள். மேலே ஒரு டம்ளர் கோலா ஊற்றுவதால் அதற்குப் புதிதாக எதுவும் நேர்ந்துவிடாது.

நாம் அதிகம் போடுகிற பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். டோலோ, குரோசின், கால்பால், இலங்கையில் பனடோல் எல்லாம் இதுதான். இது இரைப்பையில் அவ்வளவாக உறிஞ்சப்படுவதில்லை. அங்கிருந்து சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் ரத்தத்தில் ஏறுகிறது. இறங்கினால் உடனே ஏறிவிடும், இறங்கும் வரை ஏறாது. ஒருவருடைய இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று அளப்பதற்கே பாராசிட்டமாலைக் கொடுத்து ரத்தத்தில் அது எப்போது தென்படுகிறது என்று பார்க்கிற மருத்துவச் சோதனை உண்டு. அந்த அளவுக்கு நம்பகமான பழக்கம் அதற்கு.

இங்கேதான் குளிர்பானம் நுழைகிறது. வெறும் தண்ணீர் இரைப்பையிலிருந்து சீக்கிரம் கீழே இறங்கிவிடும். சர்க்கரைக் கரைசல் மெதுவாக இறங்கும். 300 மி.லி. கோலாவில் சர்க்கரை மட்டும் 30 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆகவே கலரோடு போட்ட பாராசிட்டமால் வேலையைத் தொடங்கக் கொஞ்சம் தாமதமாகலாம். கெட்டுப்போகாது, நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்தத் தாமதத்தால் மட்டும் தீங்கு இல்லை. "அரை மணி ஆச்சு, இன்னும் கேட்கலையே" என்று இன்னொன்றை எடுத்துப் போடுகிறோம் பாருங்கள், அதுதான் தீங்கு. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4,000 மி.கி. தான் எல்லை. 650 மி.கி. மாத்திரையில் ஆறு போட்டால் 3,900. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 முதல் 6 மணி நேரம் விட வேண்டும். உடல் மெலிந்தவர்களும் தினமும் குடிப்பவர்களும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் அந்த எல்லைக்குக் கிட்டவே போகக் கூடாது. அவர்களுக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஜலதோஷ மாத்திரை, உடம்புவலி மாத்திரை, தலைவலி மாத்திரை என்று வெவ்வேறு பெயரில் வாங்குகிற பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். காம்பிஃபிளாமில் ஐபுபுரூஃபன் 400 மி.கி., கூடவே பாராசிட்டமால் 325 மி.கி. அதைப் போட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு என்று தனியாக டோலோவும் போட்டால் ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்குகிறீர்கள்.

அளவு மீறினால் அடி வாங்குவது ஈரல். பாராசிட்டமாலைச் சிதைக்கும்போது ஈரலில் ஒரு நச்சுத் துணுக்கு கொஞ்சமாக உண்டாகிறது. அதை முடக்குகிற சரக்கு ஈரலிடம் கைவசம் இருக்கும். அளவு கூடினால் அந்தச் சரக்கு தீர்ந்துபோய், நச்சு ஈரலையே அரிக்கத் தொடங்கும். மோசம் என்னவென்றால், முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். நாம் சமாளித்துவிட்டோம் என்று நினைத்திருப்போம். மாற்று மருந்து இருக்கிறது, பெயர் அசிட்டைல்சிஸ்டீன். அதை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். ஆகவே அளவு தவறிவிட்டது என்று தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சர்க்கரை இல்லாத வெறும் சோடா, கோலி சோடா எந்தக் கணக்கில் வரும்? காஸ் அடைத்த தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளலாம். வழியில் வேறு எதுவும் கிடைக்கவில்லையென்றால் அதோடு ஒரு பாராசிட்டமால் போட்டதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ஏப்பமும் நெஞ்செரிச்சலும் இருக்கிறவர்களுக்கு அது கூடும். ஒரு மிடறில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்துக்கொள்ள மட்டும் கூடாது. போதிய நீர் இல்லாமல் போனால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாதிரியானவற்றுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. ஒரு முழு டம்ளர் குடித்து, கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இன்னொரு குடும்பம்

இதுவரை சொன்னது பாராசிட்டமால் கதை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபெனாமிக் அமிலம், எல்லோருடைய பாட்டனாரான ஆஸ்பிரின் ஆகியவை வேறு ஒரு குடும்பம். மூட்டு வலி, இடுப்பு வலி, பல்வலி என்று போனால் கையில் வருவது பெரும்பாலும் இவைதான். டிஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான் என்று தெரியாமலே அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறவர்கள் ஏராளம்.

இந்தக் குடும்பம் எப்படி வேலை செய்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது 1971இல்தான். ஆஸ்பிரின் கடைக்கு வந்ததோ 1899இல். எழுபது வருடம் காரணம் தெரியாமலே மனிதர்கள் விழுங்கியிருக்கிறோம்! உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உண்டாகின்றன. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றையும் கூட்டுவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் அவை உண்டாவதையே தடுக்கிறது என்று பிரிட்டனின் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிக்கல் என்னவென்றால், புரோஸ்டாகிளாண்டின் வில்லன் மட்டும் அல்ல. இரைப்பையின் உள்சுவரில் சளிப்படலத்தைப் பூசி அமிலத்திலிருந்து காப்பதும் அதுவே. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பதும் அதுவே. வலியை அடக்கப் போடுகிற மாத்திரை இந்த இரண்டு காவலையும் சேர்த்துக் கலைத்துவிடுகிறது.

இப்போது வெறும் வயிற்றில் ஒரு டைக்ளோஃபெனாக்கும் ஜில்லென்று ஒரு கோலாவும் உள்ளே போவதை நினைத்துப் பாருங்கள். காவல் குறைந்த சுவர், அதன்மேல் புளிப்பும் காஸும். கோலா மாத்திரையைக் கெடுக்கவில்லை. வயிற்றுக்கு ஏற்கெனவே இருக்கிற எரிச்சலைக் கூட்டுகிறது. இதற்கு மேல் ஒரு சங்கதி: முயல்களுக்கு ஐபுபுரூஃபனைக் கோலாவோடு கொடுத்துப் பார்த்த ஆய்வில், தண்ணீரோடு கொடுத்ததைவிட அதிக மருந்து ரத்தத்தில் ஏறியது. முயலுக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கோலா மருந்தை முறித்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். நேர்மாறாகக்கூட நடக்கலாம்.

அல்சர் வந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் இந்தக் குடும்பத்தின் பக்கம் தாமாகப் போகக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பிறகு வேண்டாம் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் எச்சரிக்கை. போட்டே ஆக வேண்டியவர்கள் சாப்பிட்ட பிறகு, தண்ணீரோடு, குறைந்த நாளுக்குப் போடலாம். மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ வாந்தியில் காப்பித்தூள் மாதிரி வந்தாலோ உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வெயிலும் கலரும் வலி மாத்திரையும்

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் உண்மையாகப் பயப்பட வேண்டிய இடம் கல்யாண வீட்டுத் தலைவலி அல்ல. கட்டட வேலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, உப்பளம், அறுவடை மாதிரி நாள் முழுக்க வெயிலில் நடக்கும் வேலைதான். மத்தியானம் தாகத்துக்கு ஒரு கலர். சாயங்காலம் உடம்பு வலிக்கு, கடையில் உதிரியாக வெட்டிக் கொடுக்கும் இரண்டு மாத்திரை. மறுநாளும் அதே. இப்படி மாதக்கணக்கில், வருடக்கணக்கில்.

வியர்வையில் நீர் போனால் உடம்பில் ரத்தத்தின் அளவு சுருங்குகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது நாம் மேலே பார்த்த புரோஸ்டாகிளாண்டின்தான். சரியாக அதே நேரத்தில் டைக்ளோஃபெனாக்கைப் போட்டு அதை முடக்கினால் குழாய் சுருங்கும், சிறுநீரகம் வாடும். நன்றாக நீர் அருந்தி நிழலில் இருக்கிற ஒருவருக்கு எந்தத் தொல்லையும் தராத அதே மாத்திரை, வற்றிப்போன உடம்பில் வேறு முகம் காட்டும்.

கலர் குடித்தோமே, அதுவும் தண்ணீர்தானே என்று கேட்கலாம். பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். நல்ல உடல்நலத்தோடு இருந்த 12 பேரை 35 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் உடலுழைப்பு செய்யவைத்தார்கள். ஒரு முறை தண்ணீர் கொடுத்தார்கள். இன்னொரு முறை பிரக்டோஸ் என்ற சர்க்கரை நிறைந்த, கஃபீன் உள்ள குளிர்பானம். குளிர்பானம் குடித்தபோது, சிறுநீரகம் அடிபடுவதைக் காட்டும் அறிகுறிகள் ரத்தத்தில் உயர்ந்தன. வலி மாத்திரை எதுவும் இல்லாமலேயே இப்படி. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இளவயதுத் தொழிலாளர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருக்கும் துயரத்தில் முதல் சந்தேகம் வெப்பமும் நீர் வற்றுவதும். இனிப்புப் பானங்களும் வலி மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் தொடர்ந்து பேசப்படுகிறவை.

அளவை வைத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும். நீர் வற்றியவர்களுக்குக் கொடுக்கிற, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். கோலாவில் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 100 கிராமுக்கு மேல், உப்பு இல்லை என்றே சொல்லலாம். வியர்த்த உடம்பு உப்பையும் நீரையும் கேட்கிறது. நாம் சர்க்கரையை ஊற்றுகிறோம். உப்புப் போட்ட நீர்மோரும் கஞ்சியும் கலரைவிட எவ்வளவோ மேல். ஒரு எச்சரிக்கை: கடையில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு டப்பாவில் விற்ற பல பானங்கள் வெறும் இனிப்புத் தண்ணீர்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று தடுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டெங்கு காய்ச்சலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலும் உடம்பு வலியுமாக வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும், அளவோடு. குடிப்பதற்கு நிறைய நீராகாரம் வேண்டும், ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிவப்பு, பழுப்பு நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் இலங்கை மருத்துவர்கள். கோலா குடித்த நோயாளி வாந்தி எடுத்தால் அது கோலாவா, உள்ளே கசிந்த ரத்தமா என்று பார்க்கிறவருக்குக் குழப்பம் வந்துவிடும்.

கஃபீன் கணக்கு

கல்யாண வீட்டில் ஒரு அத்தை, "கோலாவோட போட்டா சீக்கிரம் கேக்கும்" என்றும் சொன்னார். அதில் துளி உண்மை இருக்கிறது. வலி மாத்திரையோடு 100 மி.கி. அளவுக்குக் கஃபீன் சேர்ந்தால் பலன் சற்றுக் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நூறு பேரில் கூடுதலாக ஐந்து முதல் பத்துப் பேருக்கு நல்ல நிவாரணம் கிடைக்கிறது. அதனால்தான் சாரிடானில் 50 மி.கி., பனடோல் எக்ஸ்ட்ராவில் மாத்திரைக்கு 65 மி.கி. கஃபீன் கலந்திருக்கிறார்கள். ஆனால் 355 மி.லி. கோலா டின்னில் 34 மி.கி. தான் இருக்கிறது. 100 மி.கி. எட்ட மூன்று டின் குடிக்க வேண்டும். அதற்கு ஒரு காப்பியே போதும்.

எனர்ஜி டிரிங்க் என்றால் கணக்கு மாறும். வெளிநாடுகளில் விற்கிற 250 மி.லி. ரெட் புல்லில் 80 மி.கி. இந்தியாவில் இந்த வகைப் பானங்களில் லிட்டருக்கு 300 மி.கி. வரை கஃபீன் இருக்கலாம் என்று அனுமதி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. என்பது பொதுவான எல்லை. பனடோல் எக்ஸ்ட்ராவை ஒரு நாளின் உச்ச அளவான எட்டு மாத்திரை வரை போட்டால் அதிலேயே 520 மி.கி. ஆகிவிடுகிறது. மேலே இரண்டு காப்பி, ஒரு எனர்ஜி டிரிங்க் என்றால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும். தலைவலிக்கு மாத்திரை போட்டவருக்குத் தூக்கம் போனால் மறுநாள் என்ன வரும்? தலைவலிதான்.

கஃபீனுக்கு இன்னொரு குணம், விட்டால் பழிவாங்கும். தினமும் குடிக்கிறவர் ஒரு நாள் விட்டால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி கிளம்பும். விரத நாளில் வருகிற தலைவலிக்குப் பசிதான் காரணம் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் காப்பி நின்றதுதான் காரணமாக இருக்கும். மாத்திரையும் இப்படித்தான். தனி வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், கஃபீன் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதம் தாண்டிப் போட்டால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். மாதத்தில் பத்து நாள் தலைவலி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் எந்தப் பானத்தோடு போடுவது என்று யோசிக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

பாட்டிலுக்குள் போட வேண்டாம்

ஒரு மிடறு கலரோடு விழுங்குவது ஒன்று, மாத்திரையைப் பாட்டிலுக்குள் போட்டுக் கரைப்பது வேறு. காஸ் உள்ள பானத்தில் எதைப் போட்டாலும் நுரை பொங்கும், அது வெறும் விளையாட்டு. ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று அட்டையில் போட்டிருக்கிற மாத்திரைகள் மெல்ல மெல்ல மருந்தை விடுவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைக் கரைத்தாலோ பொடித்தாலோ அரை நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கும். இதயத்துக்காகப் போடும் ஈகோஸ்பிரின் மாதிரியானவற்றில் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைகிற பூச்சு. அதைக் கோலா ஒன்றும் செய்யாது, ஏனென்றால் கோலா அமிலம். வயிறு உப்புசம் என்று குடிக்கும் ஈனோதான் அதற்கு எதிரி. அமிலம் தணிந்தால் பூச்சு முன்னதாகவே இரைப்பையில் கரைந்துவிடலாம். இரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விடுவது நல்லது.

தண்ணீரில் போட்டால் சுர்ரென்று கரைகிற மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கலரில் அல்ல, முழுதாக விழுங்கவும் கூடாது. அந்த வகைப் பாராசிட்டமாலில் ஒரு 500 மி.கி. மாத்திரைக்குச் சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கும். ஒரு நாள் முழுவதுக்குமே 2,000 மி.கி. தாண்ட வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிரஷர் உள்ளவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

குழந்தை சிரப் குடிக்க அடம்பிடிக்கிறது என்று அதை ஒரு டம்ளர் ஜூஸிலோ கலரிலோ கலந்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பாதி குடித்துவிட்டு ஓடிவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. பாட்டிலோடு வருகிற அளவுக் குப்பியில் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, கசப்புப் போக ஒரு மிடறு இனிப்பானது எதையாவது அப்புறம் கொடுங்கள். சிரப்பிலும் 5 மி.லி.க்கு 120 மி.கி., 250 மி.கி. என்று இரண்டு வகை உண்டு. சொட்டு மருந்து அதைவிடச் செறிவானது. பழைய பாட்டில் அளவை நினைவில் வைத்துப் புதிய பாட்டிலில் ஊற்றிவிடாதீர்கள். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கிடையாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் என்ற அரிய ஆபத்து அதற்கு உண்டு.

கலரில் சரக்கு கலந்திருந்தால் இதுவரை சொன்ன சமாதானம் எதுவும் செல்லாது. மதுவோடு ஐபுபுரூஃபன் குடும்பம் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. தினசரிக் குடியோடு அதிகப் பாராசிட்டமால் சேர்ந்தால் ஈரல். டிரமடால் மாதிரி மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கக் கூடாத வலி மாத்திரைகளைக் குளிர்பானத்தில் கலந்து குடிக்கிறார்கள் என்று செய்தி வருகிறதே, அது தலைவலி சமாசாரமே அல்ல. இந்தியாவில் 2018இலிருந்து டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. மூச்சையே அடக்கக்கூடிய மருந்து. அதை எந்தப் பானத்தோடு சேர்த்தாலும் பாதுகாப்பு இல்லை.

சித்தியிடம் வருவோம். கைப்பையில் இருந்தது அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மாத்திரை. பெயர் அச்சிட்ட பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஓரத்தில் "அசிக்ளோ" என்ற வரைக்கும் தெரிந்தது. எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை நாலு மணியிலிருந்து அடுப்பு முன்னால்தான் இருக்கிறாராம். இரண்டு காப்பி தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. தண்ணீர்? "அதுக்கு எங்கடா நேரம்?"

உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளரும் பந்தியிலிருந்து மூன்று இட்லியும் கொண்டுவந்து கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தோம். முக்கால் மணி நேரத்தில் எழுந்து தாம்பூலப் பை கட்டப் போய்விட்டார். மாத்திரை கைப்பைக்கே திரும்பிப் போனது. திறந்து வைத்த கலர் பாட்டிலை வீணாக்குவானேன் என்று நான் குடித்துவிட்டேன்.